பச்சையம்மாளின் கரும்புக் கொல்லை

பூவிளாம்பட்டு ஏரிக்கரையில் ஒரு சின்ன மடம். ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறைகள், வழிப்போக்கர்களுக்குக் கூழ் ஊற்ற ஒரு கொட்டகை. சௌந்தரவல்லி அம்மாள் அங்கே இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வருகிறவர்கள் அவரிடம் கேள்வி கேட்பார்கள். சில சமயம் பதில் சொல்வார். பல சமயம் வேலை சொல்வார்.

அவருடைய சீடர் தணிகாசலம் அறுபதைக் கடந்தவர். விவசாய இலாகாவில் மண் ஆய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின், முன்பு வேலை பார்த்த இந்த ஊருக்கே திரும்பி வந்து வாடகை வீட்டில் இருந்தார். பகல் பொழுதெல்லாம் மடத்தில்தான். கூழ் ஊற்றுவார், பாத்திரம் கழுவுவார். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இவர்கள் இருவருக்கும் அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

மாசி மாதத்தில் ஒரு காலை, தணிகாசலம் கோபமாக வந்தார். சட்டையெல்லாம் கரித்தூள்.

"மறுபடியும் கொளுத்திட்டாங்க, அம்மா."

"யாரு?"

"யாரைன்னு சொல்றது? ஊரேதான். கரும்பு லாரி போன மறுநாளே சோகைக்கு நெருப்பு வச்சுடறாங்க."

கரும்பின் காய்ந்த இலையைத்தான் அங்கே சோகை என்பார்கள். வெட்டு முடிந்தால் முழங்கால் உயரத்துக்குக் கொல்லை முழுக்கக் கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும், சாயங்காலத்துக்குள் தரை சுத்தமாகிவிடும்.

"அந்த இலையெல்லாம் வருஷம் பூரா காத்துல இருந்து கரியை இழுத்து வச்சிருக்கு," என்றார் தணிகாசலம். "மண்ணுல மட்க விட்டா அது மண்ணுக்குள்ள தங்கும். மண் கறுக்கும். ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். கொளுத்தினா எல்லாம் வானத்துக்கே திரும்பிப் போயிடுது. இந்த ஊர் மண்ணு ஓடு மாதிரி ஆயிடுச்சும்மா. தண்ணி விட்டா உள்ள இறங்காம மேலேயே ஓடுது. கிணறெல்லாம் வத்துது. வெட்டின கரும்போட அடிக்கட்டை பாதி முளைக்கவே மாட்டேங்குது. அன்னைக்கு இங்க வேலையில இருந்தப்பவே கூட்டம் போட்டுச் சொன்னேன். இப்ப வீடு வீடாப் போய்ச் சொல்றேன். எல்லாரும் தலையை ஆட்டறாங்க. போய் நெருப்பு வைக்கிறாங்க."

அம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எப்படிச் சொன்னா கேப்பாங்க? அதை மட்டும் சொல்லிக் குடுங்க," என்றார் தணிகாசலம்.

"போன வாரம் ஒரு மத்தியானம் எங்கிட்ட வந்து பேசிக்கிட்டிருந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எதைப் பத்தி?"

"மண்ணைப் பத்தி."

"எவ்வளவு நேரம்?"

தணிகாசலம் யோசித்தார். "பொழுது சாயற வரைக்கும்."

"எனக்கு அன்னைக்கு நல்ல காய்ச்சல்," என்றார் அம்மாள்.

தணிகாசலம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?"

"நடுவுல இடமே கிடைக்கலையே, அண்ணா."

சொல்லிவிட்டு அம்மாள் சிரித்தார். முறத்தில் இருந்த கேழ்வரகு கொஞ்சம் கீழே சிந்தியது. தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. குனிந்து சிந்தியதைப் பொறுக்கினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப நல்லா இருக்கு. நீங்க கூழ் குடிச்சீங்களா?"

"இல்ல."

"முதல்ல அதைக் குடிங்க."

அவர் குடித்து முடிக்கும் வரை அம்மாள் புடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஊரை விடுங்க. ஒருத்தரைச் சொல்லுங்க. ரொம்பப் பிடிவாதம் யாரு?"

"பச்சையம்மாள்." யோசிக்காமல் பதில் வந்தது. "ஏரிக்குக் கீழ ரெண்டு ஏக்கர் வச்சிருக்காங்க. வீட்டுக்காரர் இல்ல, தனியாத்தான் பயிர் வைக்கிறாங்க. மத்தவங்களாவது தலையை ஆட்டுவாங்க. அவங்க என்னைக் கண்டாலே எழுந்து உள்ள போயிடுவாங்க."

"நாளையில இருந்து அவங்க கொல்லைக்கு வேலைக்குப் போங்க."

"வேலைக்கா?"

"களை எடுங்க. மடை திருப்புங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதைச் செய்யுங்க. மண்ணைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"எது வரைக்கும்?"

"அவங்களாக் கேக்கற வரைக்கும்."

"அவங்க கேக்கவே மாட்டாங்களே, அம்மா."

"அப்ப நிறையக் களை எடுப்பீங்க."

மறுநாள் தணிகாசலம் போனபோது பச்சையம்மாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. தலையில் துண்டு, கையில் நீளமான ஒரு குச்சி. கொல்லை கறுப்பாகக் கிடந்தது. சாம்பல் வாசனை இன்னும் போகவில்லை.

"என்ன சார், திரும்பவும் பாடமா?"

"இல்லம்மா. வேலை செய்ய வந்தேன். மடத்தம்மா அனுப்பினாங்க."

பச்சையம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஊரில் வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வந்தவரை வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை.

"மம்முட்டி பிடிப்பீங்களா?"

"பழகிக்கறேன்."

பழகிக்கொள்ள அதிக நாள் ஆயிற்று. உள்ளங்கை கொப்புளித்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையெல்லாம் தாங்கிவிட்டார். வாயைக் கட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் பாய்ச்சிய தண்ணீர் தரைக்குள் இறங்காமல் வரப்போரம் ஓடித் தேங்கியது. தணிகாசலம் குனிந்து ஒரு கட்டி மண்ணை எடுத்தார். வாய் தானாகத் திறந்தது. பச்சையம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சார்?"

"வெயில் அதிகம்," என்றார் தணிகாசலம்.

வேறு விஷயம் பேச வேண்டியதாயிற்று. தன் மனைவியைப் பற்றிப் பேசினார். பாகற்காய் சமைத்தால் அவள் வீட்டை விட்டே வெளியே போய் நின்றுகொள்வாள் என்றார். பச்சையம்மாள் சிரித்தார். ஓசூரில் வேலை பார்க்கும் மகளைப் பற்றிச் சொன்னார். அடைகாத்த முட்டையைத் தானே கொத்தித் தின்கிற ஒரு கோழியைப் பற்றிச் சொன்னார். மோட்டார் கொட்டகை நிழலில் இருவரும் எடுத்து வந்த சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் அம்மாள் கேட்பார். "இன்னைக்கு என்ன தெரிஞ்சுது, அண்ணா?"

"ஒண்ணுமில்ல, அம்மா. அவங்களுக்கு முழங்கால் வலி இருக்கு. வரப்புல ஏறி இறங்கும்போது இடது காலை ஊன மாட்டேங்கறாங்க."

"நல்லது."

"வலியில என்னம்மா நல்லது?"

"என் காய்ச்சல் தெரியாதவருக்கு அவங்க முழங்கால் தெரிஞ்சிருக்கே."

தணிகாசலம் வெட்கப்பட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். பச்சையம்மாள் கொல்லையின் நடுப்பக்கம் போவதே இல்லை. ஓரத்து வரிசைகளில் மட்டும் வேலை செய்தார். வரப்பில் நடந்தால்கூட முன்னால் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். நெருப்பு வைத்த புதிதில் தரையில் ஒரு புல்கூட இல்லை. அப்போதும் தட்டினார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. இருவரும் மோட்டார் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். குச்சியை மூலையில் சாய்த்துவிட்டுப் பச்சையம்மாள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஏம்மா, எப்பவும் குச்சியால தட்டிக்கிட்டே நடக்கறீங்க?" என்று தணிகாசலம் கேட்டார். சும்மாதான் கேட்டார்.

பச்சையம்மாள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் பேரு கோதண்டம். உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

"இல்லம்மா."

"நீங்க இங்க ஆபீசரா இருந்தப்ப பள்ளிக்கூடத்துல ஒரு கூட்டம் போட்டீங்க. சோகையைக் கொளுத்தாதீங்கன்னு பேசினீங்க. அதைக் கேட்டுட்டு வந்தவர் வேற பேச்சே பேசல. காத்துல இருக்கற கரி இலைக்கு வருது, இலையில இருந்து மண்ணுக்குப் போகுதுன்னு எனக்கே பாடம் எடுத்தார். அந்த வருஷம் இந்தக் கொல்லையில மட்டும் நெருப்பு வைக்கல. ஊர் சிரிச்சுது. போங்கடான்னுட்டார்."

தணிகாசலம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் அப்பல்லாம் விடியறதுக்கு முன்னால வரும். மடை திருப்பப் போனார். கொல்லை முழுக்கச் சோகை. கால் வைக்கிற இடம் தெரியல. உள்ள கண்ணாடி விரியன் இருந்திருக்கு." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நடுக்கொல்லையில விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு. நீங்க அதுக்குள்ள மாத்தலாகி வேற ஊருக்குப் போயிட்டீங்க."

பச்சையம்மாள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க திரும்பி வந்ததும் ஊர்ல பேசிக்கிட்டாங்க. நான்தான் ஆபீசர்கிட்ட யாரும் இதைச் சொல்லிடாதீங்கன்னேன். உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். நீங்க பொய் சொல்லல. அவரும் சந்தோஷமாத்தான் செஞ்சார். ஆனா நெருப்பு வச்சாத்தான் எனக்கு அன்னைக்குத் தூக்கம் வருது. அவ்வளவுதான்."

இன்னொன்றும் சொன்னார்.

"உங்களைப் பார்த்ததும் உள்ள போயிடுவேனே, அது கோவத்துல இல்ல. நீங்க பேச ஆரம்பிச்சா அவர் பேசற மாதிரியே இருக்கும்."

அன்று மடத்துக்கு வந்த தணிகாசலம் உள்ளே போகவில்லை. வெளியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாள் பார்த்தார். வந்து பக்கத்தில் அதே ஈரத்தில் உட்கார்ந்தார். தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

"என் பேச்சைக் கேட்டு ஒரு மனுஷன் செத்திருக்கான், அம்மா. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. அதனாலதான் எல்லாரும் தலையை ஆட்டி அனுப்பியிருக்காங்க."

அம்மாள் அவர் மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை.

"இனிமே அங்க போக மாட்டேன். எந்த முகத்தோட போறது?"

"இத்தனை வருஷம் உங்களுக்குத் தெரியாம பாத்துக்கிட்டவங்க இன்னைக்கு ஏன் சொன்னாங்க?"

"தெரியல."

"நீங்க கேட்டீங்களே, அண்ணா. குச்சி எதுக்குன்னு."

தணிகாசலம் குருவின் முகத்தைப் பார்த்தார்.

"கொல்லையில என்ன வேலை மிச்சம் இருக்கு?" என்று அம்மாள் கேட்டார்.

"களை பாதியில நிக்குது."

அம்மாள் அவர் உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார். உடைந்த கொப்புளம் ஒன்று சிவந்திருந்தது. உள்ளே போய் விளக்கெண்ணெய் கொண்டுவந்து தடவினார்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாப் போங்க," என்றார். "எல்லாத்தையும் சொல்லிட்டு அவங்க தனியா இருப்பாங்க."

தணிகாசலம் போனார். பச்சையம்மாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். முகம் தூங்காத முகமாக இருந்தது.

"வர மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"களை பாதியில நிக்குதே," என்றார் தணிகாசலம்.

அவர் கொட்டகை மூலையில் கிடந்த குச்சியை எடுத்துக்கொண்டார். தரையைத் தட்டிக்கொண்டே கரும்பு வரிசைக்குள் நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். கூப்பிடவில்லை. பச்சையம்மாள் எழுந்து அவர் நடந்த இடத்தில் கால் வைத்து வந்தார். நாலு எட்டில் திரும்பிவிட்டார். மறுநாள் இன்னும் கொஞ்சம் வந்தார். வைகாசி முடிவதற்குள் ஒரு நாள் நடுக்கொல்லைக்கே வந்துவிட்டார். அங்கே நின்று நாலு பக்கமும் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. ஆனால் அழவில்லை.

"இங்க இவ்வளவு கட்டை முளைக்காமலே போயிருக்கா?" என்றார்.

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் மடத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் கேட்டார்.

"அது கேள்வியில சேர்த்தியா, அம்மா? நான் பதில் சொல்லலாமா?"

"உங்களைப் பார்த்தா கேட்டாங்க?"

"இல்ல. கரும்பைப் பார்த்து."

"அப்ப கரும்பு சொல்லட்டும்."

ஆனி வந்தது, ஆடி வந்தது. மண் அணைத்தார்கள், சோகை உரித்தார்கள், மழைக்குச் சாய்ந்த கரும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். தையில் வெட்டு முடிந்தது. லாரி போனது. கொல்லை முழுக்கச் சோகை கிடந்தது.

பச்சையம்மாள் தீப்பெட்டியோடு நின்றார். தணிகாசலம் பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

"கொளுத்தினா கோவிச்சுக்குவீங்களா?"

"மாட்டேன்."

"நாளைக்கு வருவீங்களா?"

"வருவேன். கட்டை சீவணுமே."

பச்சையம்மாள் தீக்குச்சியைக் கிழித்தார்.

அன்று மடத்துக்கு வந்தபோது தணிகாசலத்தின் தலையெல்லாம் சாம்பல். அம்மாள் தன் முந்தானையால் அதைத் தட்டிவிட்டார்.

"கொளுத்திட்டாங்களா?"

"கொளுத்திட்டாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நெருப்பு பக்கத்துக் கொல்லைக்குத் தாவாம ஈரச்சாக்கோட நின்னேன்."

"கோவம் வந்துச்சா?"

தணிகாசலம் யோசித்தார். "சோகைக்காக வருத்தமா இருந்துச்சு. அவங்க மேல கோவம் வரல. இன்னைக்காவது நல்லாத் தூங்குவாங்க."

அம்மாள் அவருக்கு இன்னொரு குவளை கூழ் ஊற்றினார். வழக்கமாக ஒன்றுதான் ஊற்றுவார்.

அடுத்த வருஷமும் அவர் போனார். ஊரில் சிலர் கேலி பேசினார்கள். ஆபீசர் கடைசியில் களை எடுக்கக் கற்றுக்கொண்டார் என்றார்கள். தணிகாசலம் அதற்கும் சிரித்தார். மம்முட்டிக் கைப்பிடி உள்ளங்கைக்குப் பழகிவிட்டது. கோழிக்குஞ்சுகளுக்குப் பேர் வைக்கிற அளவுக்குப் பச்சையம்மாள் வீட்டு விஷயம் எல்லாம் தெரிந்துவிட்டது.

வெட்டு முடிந்தது. பச்சையம்மாள் மறுபடியும் தீப்பெட்டியோடு வந்தார். இந்த முறை தீக்குச்சியைக் கிழிக்கவில்லை. சோகையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு வரப்பில் உட்கார்ந்தார்.

"சார்."

"சொல்லுங்கம்மா."

"நடக்கிற தடத்துல சோகை இல்லாம இருந்தா, கால் வைக்கிற இடம் தெரியுமில்ல?"

தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியும்."

"எப்படிப் போடறது?"

ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு அவரிடம் இருந்தது. அதில் கொஞ்சத்தை மட்டும் எடுத்தார்.

"ஒரு வரிசையில சோகை, அடுத்த வரிசை வெறும் தரை. வெறும் தரையிலதான் நடக்கணும். சோகையை நல்லா மிதிச்சு அமுக்கிச் சாணிக் கரைசல் ஊத்தினா உப்பி நிக்காது, படிஞ்சுடும். பாம்பு ஒளியற இடம் குறையும். பாம்பே வராதுன்னு சொல்ல மாட்டேன்."

"அன்னைக்குக் கூட்டத்துல இதைச் சொன்னீங்களா?"

"இல்லம்மா," என்றார் தணிகாசலம். "அன்னைக்கு எனக்குப் பாம்பு ஞாபகமே வரல. இலை ஞாபகம் இருந்துச்சு, மண்ணு ஞாபகம் இருந்துச்சு. அதுல நடக்கற கால் ஞாபகம் இல்ல."

பச்சையம்மாள் தலையை ஆட்டினார். எழுந்து கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"கிணத்தோரம் ஒரு துண்டு மட்டும்," என்றார் கடைசியில். "மிச்சத்தைக் கொளுத்திடுவேன்."

"சரி."

அப்படியே செய்தார்கள். பெரிய பகுதி எரிந்தது. கிணற்றோரத்தில் ஒரு துண்டு எரியாமல் நின்றது. தணிகாசலம் முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு நடந்த பச்சையம்மாள் தன் காலைப் பார்த்துத் தானே சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் அந்தத் துண்டுக்குள் போகும் நாளில் தணிகாசலம்தான் குச்சியோடு முன்னால் போக வேண்டும்.

மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. அதற்கடுத்த வெயிலில் ஊரில் பல கிணறுகளில் மோட்டார் காற்றை இழுத்தது. பச்சையம்மாள் கொல்லையிலும் கரும்பு வாடியது. கிணற்றோரத் துண்டு மட்டும் பச்சை குறையாமல் நின்றது.

ஒரு காலை பச்சையம்மாள் அங்கே குந்தி உட்கார்ந்து, மட்கிய சோகையை விலக்கி, ஒரு கை மண் எடுத்தார். கறுத்திருந்தது. பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. ஒரு மண்புழு நெளிந்து அவர் விரல் வழியாக இறங்கியது. மண்ணை முகத்துக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"அவர் சொன்ன மாதிரியேதான் இருக்கு," என்றார்.

தணிகாசலம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வருஷம் பாதிக் கொல்லையில் நெருப்பு வைக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் எங்கேயும் வைக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பச்சையம்மாளிடம்தான் கேட்டார்கள். அவர் மண்ணைக் காட்டவில்லை. முதலில் வெறும் தடத்தைக் காட்டினார். "இதை விடாம சோகை போடாதீங்க. கால் பத்திரம்," என்றார். மூன்று நாலு கொல்லைகளில் அந்தத் தையில் புகை எழவில்லை.

தணிகாசலம் கிணற்றோரத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து, பழைய நண்பர் ஒருவர் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பதில் போனில் வந்தது. அன்று மடத்துக்கு வந்து, துவைத்த துணி உலராத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மாள் கூழ்ப் பானையைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா?"

"மண்ணுல கரிமம் எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்கச் சொன்னேன், அம்மா."

"ஏறியிருக்கா?"

"ஏறியிருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு. புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ல ஒண்ணு ரெண்டு கூடின மாதிரி." அவர் கையை விரித்தார். "இத்தனை வருஷம். இவ்வளவு சோகை. இவ்வளவு பாடு. இவ்வளவுதானா?"

அம்மாள் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பச்சையம்மாள் இப்ப தனியா நடுக்கொல்லைக்குப் போறாங்களா?"

"பாதி தூரம் போறாங்க. அதுக்கு மேல போகணும்னா இன்னும் என்னைத்தான் கூப்பிடறாங்க. இன்னைக்குக் காலையிலகூட நான் முன்னால நடந்தேன்."

"இவ்வளவு வருஷம் ஆயும் இவ்வளவுதானான்னு அவங்களைக் கேட்டீங்களா?"

"அதெப்படிம்மா கேக்கறது?" தணிகாசலத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அவங்க பட்டது என்ன சாதாரணமா? அது மெதுவாத்தான் ஆறும்."

அம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு பிரியம் இருந்தது.

"மண்ணும் அதே கொல்லையிலதானே அண்ணா வெந்துக்கிட்டு இருந்துச்சு?" என்றார்.